பொறுக்கத் தெரிந்த உடல்

திண்டிவனத்தில் ஓர் உடம்பின் மதிப்பை அது எவ்வளவு தூக்கும் என்பதைக் கொண்டே அளந்து பழகியிருக்கிறோம். கமிட்டி என்று நாம் சொல்லும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மல்லாட்டை என்னும் நிலக்கடலை 80 கிலோ மூட்டைக் கணக்கில் விலை போகிறது. கட்டட வேலைக்குப் போனால் சிமென்ட் மூட்டை 50 கிலோ. வீட்டுக்கு வரும் சமையல் சிலிண்டர் நிறைந்திருக்கும்போது ஏறக்குறைய 30 கிலோ. தெருக்குழாயில் பிடிக்கும் பிளாஸ்டிக் குடத்தில் 15 லிட்டர் தண்ணீர். இவற்றை முகம் சுளிக்காமல் எடுத்து வைப்பவரைப் பார்த்து ஊர், "நல்ல உழைக்கிற உடம்பு" என்கிறது. அதைவிடப் பெரிய பாராட்டு இங்கே ஓர் இளைஞருக்குக் கிடைப்பது அரிது.

இந்த ஊருக்கு, சென்னையில் மார்பு அறுவை முடித்துக்கொண்டு ஒரு திருநம்பி திரும்பி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிறந்தபோது பெண் என்று பதியப்பட்டவர். தன்னை ஆண் என்று அறிந்தவர். பல ஆண்டுகள் மறைத்துக் கூனியிருந்த மார்பு இப்போது தட்டையாக, தையலோடு, இறுக்கமான உறை பனியனுக்குள் இருக்கிறது. அவர் ஏங்கிக் காத்திருந்த உடல் கிடைத்துவிட்டது. ஆனால் மருத்துவர் சொல்லி அனுப்பியது வேறு: நாலைந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்க வேண்டாம், கையைத் தோளுக்கு மேலே உயர்த்த வேண்டாம், தள்ள வேண்டாம், இழுக்க வேண்டாம், வாரக்கணக்கில் பொறுத்திருங்கள். ஆண் என்று தலை நிமிர்ந்து நடக்க வந்த முதல் நாளிலேயே, இந்த ஊர் ஆண்மைக்கு அடையாளமாகக் கேட்கும் ஒன்றை அவர் செய்யக் கூடாது.

இந்தப் பொறுத்தலைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். அறுவைக்குப் பிறகு உடற்பயிற்சிக்குத் திரும்புவது மருத்துவக் குறிப்பேட்டில் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும் செய்தி. வாழ்க்கையில் அது, ஓர் உடல் ஒருவருக்குச் சொந்தமாவது எப்படி என்ற கேள்வியாக விரிகிறது.

நம் மாவட்டத்துக்குப் பால் மாறிய வாழ்வு புதிதல்ல. ஆண்டுதோறும் சித்திரையில் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவை ஒட்டி விழுப்புரம் நகரம் திருநங்கைகளால் நிறைகிறது. கூவாகம் 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது; ஆனாலும் விடுதிகளில் தங்குவதும் மிஸ் கூவாகம் மேடை அமைவதும் விழுப்புரத்தில்தான். நாளிதழ்கள் படம் போடுகின்றன. கூத்தாண்டவரான அரவானுக்காகக் கட்டிய தாலியை மறுநாள் அறுத்து அழும் குரல் நாடு முழுவதும் கேட்கிறது. திருநம்பிகளுக்கோ அப்படி ஒரு திருவிழா இல்லை. அவர்களில் பலர் பார்வையில் படாமல் இருப்பதையே பாதுகாப்பாகக் கொண்டவர்கள். பேருந்தில் பக்கத்து இருக்கையில், பட்டறையில், செல்போன் கடையில் ஆண்களோடு ஆண்களாகக் கலந்துவிடுவதே அவர்கள் விரும்பும் வாழ்வு. அதனால் அவர்களுடைய உடலின் பாடுகளும் ஊர்ப் பேச்சில் இடம் பெறவில்லை. திருநங்கைகளைப் பற்றித் தவறாகவேனும் பேசப் பழகிய ஊர், திருநம்பிகளைப் பற்றிப் பேச இன்னும் தொடங்கவே இல்லை.

அறுவைக்கு முந்தைய ஆண்டுகளை அறியாமல் பிந்தைய வாரங்களைப் புரிந்துகொள்ள முடியாது. மார்பை மறைக்க பைண்டர் என்னும் இறுக்குச் சட்டையை அணிகிறார்கள். வாங்க வழியில்லாதவர்கள் பேண்டேஜ் துணியைச் சுற்றிக்கொள்கிறார்கள், அல்லது சிறிய அளவு பனியன்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொள்கிறார்கள். கத்திரி வெயிலில் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் நிற்பவருக்கே மூச்சு முட்டும். விலா எலும்பு விரிய இடமில்லாமல் கட்டியவருக்கு எப்படி இருக்கும்? மார்பைக் கட்டுபவர்கள் ஏறத்தாழ 1,800 பேரிடம் கேட்டு 2017இல் வெளியான ஆய்வு ஒன்றில், 97 விழுக்காட்டினர் ஏதேனும் ஓர் உடல் தொல்லையையாவது சொன்னார்கள். பாதிக்கு மேற்பட்டோருக்கு முதுகுவலி. அப்படியும் ஏன் கட்டுகிறார்கள் என்றால், கட்டாமல் தெருவில் இறங்கும் வலி அதைவிடப் பெரிது.

இப்படிப்பட்ட உடலுக்கு உடற்பயிற்சி என்றால் என்ன பொருள்? ஓடினால் குலுங்கும், ஆகவே ஓடுவதில்லை. விளையாட்டு வகுப்பில் விசில் அடித்ததும் வயிற்றுவலி என்று மரத்தடியில் உட்கார்ந்துவிடுவது. தோள்கள் முன்னே வளைந்து, முதுகு கூனி, தலை தாழ்ந்து, அதுவே நடையாகிவிடுகிறது. துணிந்து ஜிம்முக்குப் போகிறவர்கள்கூட அந்த உடலோடு மல்லுக்கு நிற்கத்தான் போகிறார்கள். மார்பு குறையாதா, இடுப்பு கரையாதா என்று தன்னையே தண்டிக்கும் பயிற்சி அது. ஆண்டுக்கணக்கில் உடலை எதிரியாகப் பார்த்துப் பழகியவர்களுக்கு, ஒரு நாள் அறுவை மேசையிலிருந்து எழுந்ததும், இனி இது உன் உடல், இதைப் பார்த்துக்கொள் என்று சொல்லப்படுகிறது. பார்த்துக்கொள்வது எப்படி என்று அதுவரை யாரும் கற்றுக்கொடுத்ததில்லை.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இந்த அறுவையில் மார்பகச் சுரப்பியும் கொழுப்பும் மிகுதித் தோலும் அகற்றப்படுகின்றன. அடியில் விசிறிபோல் விரிந்திருக்கும் மார்புத் தசை வெட்டப்படுவதில்லை. தண்டால் எடுக்க உதவும் தசை அப்படியே இருக்கிறது. இதைக் கேட்டதும் பலருக்கு, தசைதான் நன்றாக இருக்கிறதே, பத்து நாளில் தொடங்கினால் என்ன என்று தோன்றும். இடர் தசையில் இல்லை, அதன் மேல் மூடிய தோலில் இருக்கிறது. தசை ஒவ்வொரு முறை இறுகும்போதும் மேலே உள்ள தையல் இழுபடுகிறது. தொடக்க நாட்களில் பாரம் தூக்கி இரத்த அழுத்தம் ஏறினால் உள்ளே இரத்தம் கட்டலாம். ஓயாமல் அசைந்தால் நீர் கோக்கலாம். அதற்காகத்தான் சிலருக்குச் சில நாட்கள் டியூப் வைத்து வடியவிடுகிறார்கள். மார்பு பெரிதாக இருந்தவர்களுக்குக் காம்பைத் தனியே எடுத்து, அளவு குறைத்து, புதிய இடத்தில் ஒட்டுகிறார்கள். அந்தத் துண்டுத் தோல் முதல் ஓரிரு நாட்கள் கீழிருந்து ஊறும் நீரில் பிழைத்து, அதன் பிறகே இரத்தக் குழாய்களோடு சேர்கிறது. ஓர் உரசல் அதைக் கொல்லக்கூடும்.

காயத்தின் வலிமைக்குக் கணக்கு உண்டு. தையல் போட்ட தோல், முதல் வாரத்தின் முடிவில் பழைய தோலின் வலிமையில் 3 விழுக்காடு அளவே பெற்றிருக்கிறது. மூன்றாம் வாரத்தில் அது 20 விழுக்காட்டை ஒட்டி வருகிறது. மூன்று மாதம் ஆகும்போது 80ஐ நெருங்குகிறது. அதற்கு மேல் ஏறுவதில்லை. வெளியே பார்த்தால் இரண்டாம் வாரத்திலேயே மூடிக்கொண்டதாகத் தெரியும் காயம், உள்ளே இன்னும் பத்தில் ஒரு பங்கு வேலையைக்கூட முடித்திருக்காது. இந்த ஊரின் கொத்தனார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தளம் போட்ட மறுநாளே கான்கிரீட் கல் மாதிரி கெட்டியாகத் தெரியும். ஆனால் நாள் தவறாமல் தண்ணீர் கட்டி, இரண்டு மூன்று வாரம் பொறுத்த பிறகே சென்ட்ரிங் பிரிப்பார்கள். அவசரப்பட்டு முட்டுகளை உருவினால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

உடலின் இந்த வேலையில் வியக்கத்தக்க ஒன்று இருக்கிறது. காயத்தை அடைக்க உடல் முதலில் அவசர அவசரமாக, தாறுமாறாக நார்களைப் பின்னுகிறது. பிறகு மாதக்கணக்கில் அவற்றைக் கரைத்துக் கரைத்து, உறுதியான வேறு வகை நார்களை வைத்து மறுபடி கட்டுகிறது. அப்படிக் கட்டும்போது எந்தத் திசையில் இழுவை வருகிறதோ அந்தத் திசையைப் பார்த்தே நார்கள் ஒழுங்காக அமைகின்றன. ஆகவே அசையாமலே கிடந்தால் வடு உறுதியாக அமையாது, தோளும் இறுகிப்போகும். முன்கூட்டியே இழுத்தால் வடு அகன்று தடிக்கும். நம் நிறத் தோலில், அதிலும் மார்புப் பகுதியில், காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் கெலாய்டு என்னும் தடிப்பு வரும் வாய்ப்பு அதிகம். வேண்டியது உரிய நேரத்தில் உரிய அளவு பாரம். வடு முழுதாக முதிர ஓராண்டு, ஒன்றரையாண்டு ஆகிறது. நரம்புகள் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் ஊர்ந்து வருகின்றன; உணர்ச்சி திரும்புவது ஆளுக்கு ஆள் மாறும், சில இடங்களில் திரும்பாமலும் போகும்.

இதை ஒட்டித்தான் பயிற்சிக்குத் திரும்பும் வரிசையும் அமைகிறது. நடை முதல் நாளிலிருந்தே உண்டு. படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறையக்கூடும். ஆழ்ந்து மூச்சிழுப்பதும் உடனே தொடங்கலாம். மூன்று நான்கு வாரத்தில், கைக்கு வேலை தராத கால் பயிற்சிகள். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள், மருத்துவர் பார்த்துச் சரி என்ற பிறகு, கைகளுக்கு இலேசான எடை. சுவரில் கை ஊன்றித் தள்ளுவதில் தொடங்கி, பிறகு மேசை விளிம்பு, பிறகு தரை. முழுத் தண்டாலும் நெஞ்சுக்கு எடை தூக்குவதும் பெரும்பாலும் மூன்றாம் மாதத்தை ஒட்டித்தான். இதில் ஒவ்வொருவருக்கும் நாள் முன்பின்னாகும். வெட்டிய முறையைப் பொறுத்து அறுவை செய்தவரே முடிவு சொல்ல வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையல் ஈரமானாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு அவரிடம்தான் போக வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனை எடுப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: தசை முந்திக்கொண்டு வளரும், தசையை எலும்போடு கட்டும் நாண் மெதுவாகவே உறுதிப்படும். கை தூக்கத் தயாரென்று சொல்லும்போது நாண் தயாராக இருக்காது.

தாளில் எழுத இது எளிது. திண்டிவனத்தில் ஒரு நாளை வாழ்ந்து பார்த்தால்தான் தெரியும். விழுப்புரம் போகும் பேருந்தில் இடம் கிடைக்காமல் மேல் கம்பியைப் பிடித்து நின்றாலே கை தோளுக்கு மேல் போய்விட்டது. அடிகுழாயை அடித்தால் இரண்டு பக்கத் தையலும் இழுபடும். துணி பிழிவது, கொடியில் காயப்போடுவது, ஷட்டரை இழுத்து மூடுவது, மாவு டப்பாவைப் பரணிலிருந்து எடுப்பது, ஓடி வரும் அக்கா மகனை வாரித் தூக்குவது எல்லாம் அந்த வாரங்களில் மறுக்கப்பட்டவை. ஜிம்முக்குப் போகாமல் இருப்பது ஒரு பொருட்டே இல்லை. இங்கே வீட்டு வேலையும் கூலி வேலையுமே உடற்பயிற்சி.

"என்ன தம்பி, சும்மாவே உக்காந்திருக்க?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்பார். அதில் கெட்ட எண்ணம் இருக்காது. ஆனால் பதில் சொல்வதற்குள் கேட்கப்பட்டவரின் நெஞ்சு படபடக்கும். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் என்று பொய் சொல்வதா, ஒன்றும் இல்லைக்கா என்று எழுந்து போய்க் குடத்தைத் தூக்கிவிடுவதா? பல காயங்கள் திறந்துகொள்வது இப்படிப்பட்ட இடத்தில்தான் என்று நினைக்கிறேன். ஆசையால் முந்திக்கொண்டவர்களைவிட, விளக்கம் சொல்லக் கூசி எழுந்தவர்களே அதிகமாக இருப்பார்கள்.

தோளை மீட்கச் சொல்லித்தரும் பயிற்சிகளில் ஒன்று, சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மெல்ல மெல்ல மேலே ஏறுவது. முதல் நாள் மார்பு உயரம். அடுத்த வாரம் முகவாய் உயரம். வலி சொன்ன இடத்தில் நின்று, மூச்சு விட்டு, இறங்குவது. இது திருநம்பிகளுக்காகப் பிறந்த பயிற்சியல்ல. மார்பகப் புற்றுநோய்க்காக மார்பை இழந்த பெண்களுக்கு நெடுங்காலமாகக் கற்றுத்தரப்படுவது. முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய நாளிலிருந்து நினைத்துப் பாருங்கள்: அத்தகைய மருத்துவமனைகளிலிருந்து வீடு திரும்பிய எத்தனை அம்மாக்கள் தங்கள் வீட்டுச் சுவரில் இப்படி விரல் ஊன்றி ஏறியிருப்பார்கள். அவர்களுக்கு அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் எடுப்பதுண்டு என்பதால் பாடு இன்னும் அதிகம்.

ஒருவர் இழந்ததற்காக அழுதபடி ஏறுகிறார். ஒருவர் விடுபட்டதற்காக நன்றியோடு ஏறுகிறார். சுவர் ஒன்று, தோள் மூட்டு ஒன்று, நார்கள் கட்டப்படும் விதம் ஒன்று. மார்பு வீக்கத்துக்காக இதேபோன்ற அறுவை செய்துகொள்ளும் மற்ற இளைஞர்களும் இருக்கிறார்கள்; அவர்களுக்கும் அதே உறை பனியன், அதே காத்திருப்பு. ஆறும் உடல், நீ ஆணா பெண்ணா, இதை வேண்டிச் செய்தாயா வேண்டாமல் செய்தாயா என்று கேட்பதில்லை. எந்தக் கேள்வியும் கேட்காமல் வேலையைத் தொடங்கிவிடுகிறது. ஊரும் உறவும் இதை உடலிடமிருந்து கற்றுக்கொண்டால் போதும்.

காத்திருப்புக்கு வரும் தடைகளில் கடினமானது ஆசை. தமிழ்நாட்டின் ஊர்களில் இளவட்டக்கல் தூக்குவது ஆண்மைக்குச் சான்றாக இருந்தது. உருண்டைக் கல்லைத் தோளுக்கு ஏற்றிப் பின்னால் போடுகிறவன் ஆண். கல் பல ஊர்களில் மண்ணில் புதைந்துவிட்டது. அந்த எண்ணம் புதையவில்லை. அது இப்போது ஜிம் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறது. வாழ்நாளெல்லாம் நீ ஆண் இல்லை என்று கேட்டுச் சலித்த ஒருவருக்கு, மார்பு தட்டையான அன்றே அந்தக் கல்லைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்று கை துடிப்பதில் வியப்பில்லை.

தூக்கிக் காட்டியவர்களும் உண்டு. டெல்லியைச் சேர்ந்த வழக்கறிஞரும் திருநம்பியுமான ஆர்யன் பாஷா, 2018இல் மசில்மேனியா இந்தியா உடற்கட்டுப் போட்டியில் ஆடவர் பிரிவொன்றில் இரண்டாம் இடம் பெற்றார். சட்டையில்லாத மார்போடு மேடையில், மற்ற ஆண்களுக்கு நடுவில் நின்றார். அமெரிக்காவின் ஸ்கைலர் பெய்லர் 2015இல் மார்பு அறுவைக்குப் பிறகு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆடவர் நீச்சல் அணியில் சேர்ந்து நீந்தினார். இவர்களுடைய படத்தைச் செல்போனில் வைத்துக்கொண்டு நம்பிக்கை பெறும் தம்பிகள் நம் மாவட்டத்திலும் இருக்கக்கூடும். இருக்கட்டும், நம்பிக்கைக்கு முகம் வேண்டும். ஆனால் அந்தப் படங்கள் காட்டாதது, அந்த மேடைக்கும் அறுவை மேசைக்கும் நடுவில் கிடந்த மாதங்களை.

அந்த நடுக்காலத்தை எண்ணும்போது என் மனம் போய் நிற்பது மைக்கேல் டில்லனிடம். 1915இல் பிறந்த ஆங்கிலேயர். ஆக்ஸ்போர்டில் படித்தபோது பெண்கள் படகுக் குழுவின் தலைவராக இருந்தார். 1939இல் டெஸ்டோஸ்டிரோன் எடுக்கத் தொடங்கினார். 1940களின் தொடக்கத்தில் அவருக்கு மார்பு அறுவை நடந்தது. அன்று அவருக்கு முன்மாதிரி என்று காட்டக் கிட்டத்தட்ட யாரும் இல்லை. எத்தனை வாரம் பொறுப்பது என்று எழுதி வைத்த தாளும் இல்லை. போர்க்காலம் வேறு. பின்னர் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தவர், அங்கே ஆடவர் அணியில் படகில் அமர்ந்து துடுப்பு வலித்தார். துடுப்பு வலிப்பதில் முதுகு, தோள், கை, நெஞ்சு எல்லாம் ஒருசேர இயங்க வேண்டும். முன்பு வேறொரு பெயரில் வலித்த அதே கைகள், இப்போது தன் பெயரில் வலித்தன.

டில்லனின் கதை அங்கே முடிந்திருந்தால் அது வெற்றிக் கதை. 1958இல் ஆங்கில நாளிதழ்கள் அவருடைய கடந்த காலத்தைத் தெருவுக்கு இழுத்தன. கப்பல் மருத்துவராக இருந்தவர் வேலையை விட்டு இந்தியாவுக்கு வந்தார். பௌத்தத் துறவியாக முயன்றார், லடாக்கின் ரிசோங் மடத்தில் தங்கினார், ஏழையாக வாழ்ந்தார், 1962 மே மாதம் டல்ஹவுசியில் இறந்தார். 47 வயது. தன் உடலைத் தனதாக்கிக்கொள்ள ஒரு மனிதர் செய்யக்கூடியதையெல்லாம் அவர் செய்து முடித்திருந்தார். பொறுத்தார், ஆறினார், வலிமை பெற்றார், துடுப்பு வலித்தார். ஊர் மட்டும் தன் பங்கைச் செய்யவில்லை. அவர் உடல் ஆறிய வேகத்தில் அவரைச் சுற்றியிருந்தவர்களின் மனம் ஆறவில்லை.

தன் பங்கு, ஊர்ப் பங்கு என்ற இந்தப் பிரிவைத்தான் திண்டிவனத்துக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். சட்டமும் அரசும் அறுவை வரை வந்துவிட்டன. தமிழ்நாட்டில் 2008இல் திருநர் நல வாரியம் அமைந்தது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்றது. சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் கீழ்ப்பாக்கத்திலும் திருநருக்கென மருத்துவப் பிரிவுகள் வந்தன. 2022இல் ஒன்றிய அரசு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான காப்பீட்டுத் திட்டத்தை அறிவித்தது. இவை ஒவ்வொன்றும் போராடிப் பெற்றவை. ஆனால் அறுவைக்குப் பிறகான ஆறு வாரக் கூலியை யார் தருவது? மூட்டை தூக்கிப் பிழைப்பவர், சித்தாள் வேலைக்குப் போகிறவர், வீட்டைவிட்டு வெளியேறி வாடகை அறையில் தனியே இருப்பவர், இருபது நாள் ஆனதும் பசிக்காக எழுந்து போகத்தான் செய்வார். காயம் 20 விழுக்காட்டில் இருக்கும்போது அவர் 50 கிலோவைத் தூக்குவார். அவர்மீது யாரும் அறியாமையைக் குற்றமாகச் சொல்ல முடியாது. அவருக்கு எல்லாம் தெரியும். ஓய்வெடுக்க வழிதான் இல்லை.

உடல் ஆறும் காலத்துக்குக் கூலி தரலாம் என்பதைத் தமிழ்நாடு எப்போதோ ஒப்புக்கொண்டிருக்கிறது. ஏழைத் தாய்மார்களுக்குப் பேறுகாலத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பொருளுமாக 18,000 ரூபாய் தரும் திட்டம் முத்துலட்சுமி ரெட்டி பெயரில்தான் இருக்கிறது. கருவுற்ற பெண் வேலைக்குப் போக முடியாத நாட்களில் பசியால் எழுந்துவிடக் கூடாது என்ற இரக்கம் அதற்குள் இருக்கிறது. அதே இரக்கத்தை இன்னோர் உடலுக்கு நீட்டுவது இயலாத காரியமில்லை. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடி வருகிறார்கள். பக்கவாதம் வந்தவரின் கையை அசைத்துக் கொடுக்கும் அந்தக் கைகளுக்கு, ஒரு திருநம்பியின் தோளை எந்த வாரம் எவ்வளவு உயர்த்தலாம் என்று சொல்லிக் கொடுக்க ஒரு நாள் பயிற்சி போதும். சென்னை வரை பேருந்தில் குலுங்கிப் போகாமல் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையிலேயே தையலைப் பார்த்துச் சொல்ல ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது.

அரசு வரும்வரை அண்டை அயலார் செய்யக்கூடியதும் உண்டு. ஒரு குடம் தண்ணீரை எடுத்து வைத்துவிட்டு ஏன் என்று கேட்காமல் போகலாம். பேருந்தில் எழுந்து இடம் கொடுக்கலாம். மேஸ்திரி, "நீ ரெண்டு மாசம் கணக்கு எழுதுப்பா, தூக்குற வேலை அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லலாம். தெரிந்த நண்பன் ஒருவன், மயிலம் மலைக்கோயில் படிகளில் அவரோடு மெதுவாக ஏறலாம். முதல் மாதத்தில் அந்தப் படிகளே போதும். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையேறும் செங்குத்தான படிகள் அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும். அந்த மலை எங்கும் போய்விடாது.

அப்படிப் பொறுத்தவர் மூன்று மாதம் கழித்துத் தரையில் கை ஊன்றி முதல் தண்டாலை எடுக்கும்போது, அதன் பொருள் முன்பிருந்த எந்தப் பயிற்சியையும் போல் இருக்காது. முன்பு அவர் உடலைக் குறைக்கப் பயிற்சி செய்தார், மறைக்கச் செய்தார், தண்டிக்கச் செய்தார். இப்போது முதன்முறையாக அந்த உடலின் பொருட்டே செய்கிறார். கூனிய தோளை நிமிர்த்துவது கண்ணாடிக்காக அன்றி, நுரையீரல் நிறைய மூச்சு வாங்குவதற்காக. வலி வந்தால் பல்லைக் கடித்துக்கொள்ளாமல் நிறுத்துகிறார். நாளைக்கும் இந்த உடல் தன்னோடு இருக்கப் போகிறது என்று தெரிந்தவருக்கே இன்று நிறுத்தத் தெரியும். இரவல் பொருளைத்தான் மனிதர் அவசரமாகக் கையாளுவார்கள், திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்ற அச்சத்தில். தனக்கே தனக்கென்று ஆனதை நிதானமாகத்தான் நடத்துவார்கள்.

வடு பழைய தோலின் வலிமையில் முழு நூறை எட்டுவதில்லை என்று சொன்னேன். அது குறை என்று எனக்குத் தோன்றவில்லை. 80இல் நின்றுகொண்டே அந்தத் தோல், வயல் வேலை, படகுத் துடுப்பு, போட்டி மேடை எல்லாவற்றையும் தாங்குகிறது. உழைப்புக்கு அது போதும். மனிதர் எவரும் நூறு விழுக்காடு தழும்பில்லாமல் வாழ்ந்து முடிப்பதில்லை. வலிமை என்று நாம் கண்டதெல்லாம் ஏதோ ஒரு காயம் பொறுமையாகக் கட்டிக் கொடுத்த வலிமையே.

எவ்வளவு தூக்குகிறார் என்று கேட்டே மனிதரை அளந்து பழகிய நாம், எப்போது தூக்காமல் இருக்க அவருக்கு உரிமை தந்தோம் என்று நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஓர் உடல் ஒருவருக்கு முழுதாகச் சொந்தமாவது, அதைக் கொண்டு எவருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டிய தேவை தீரும் நாளில். அந்த நாளுக்கான பொறுமை அவருடைய பங்கு. அவர் பொறுத்திருக்க இடம் கொடுப்பது நம்முடைய பங்கு.